கோவையிலிருந்து கோவா பந்தயத்துக்கு… வீட்டில் இருப்பவர்களும் படியுங்க!

"டாக்டருங்க, இவரு கோவாவுக்குப் போறாருங்களாமா…" என்று இழுத்தார் அந்த அம்மா.

"நல்ல விஷயம்தானுங்களே அம்மணி. குடும்பத்தோட போயிட்டு வாங்க" என்றேன்.

"ஊர் சுத்திப் பார்க்கறதுக்கு இல்லீங்க. கடல்ல நீச்சல் அடிச்சு, கரையேறி சைக்கிள் ஓட்டி, அதுக்கப்புறம் ஓடறதுக்குங்களாமா!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் சிரித்தார். வயது 46. மோட்டார் பம்ப்புக்கு உதிரி பாகம் செய்கிற பட்டறை வைத்திருப்பவர். (ஆள் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன்.) ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த முகம். பார்க்கிறவர்கள் முப்பத்தைந்துதான் சொல்வார்கள். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க டாக்டர். பந்தயத்துக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்குது. தெம்புக்கு ஒரு லேகியம் மட்டும் குடுத்தீங்கன்னா போதும்" என்றார்.

நான் நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோது, அந்த அம்மா குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொன்னார். "போன மாசம் மருதமலை ரோட்டுல சைக்கிள் மிதிக்கறப்ப நெஞ்சுல ஏதோ அடைக்கற மாதிரி இருக்குதுன்னு சொன்னாருங்க. அப்புறம் சரியாப் போச்சுன்னுட்டாரு…"

அவருக்கு என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன். இது நடந்து சில வருஷமாகிறது. ஆனால் புரட்டாசி பிறந்தால் போதும், இதே கேள்வியோடு புதுசு புதுசாக ஆட்கள் வருகிறார்கள். 2025 நவம்பர் 9-ஆம் தேதி கோவாவில் இந்தப் பந்தயத்தை ஓடி முடித்தவர்களில் கரூர்க்காரரான அரசியல்வாதி அண்ணாமலையும் ஒருவர். அரசியல் நமக்கு வேண்டாம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "நம்மாலும் முடியும்போல இருக்குதே" என்று நினைத்தவர்கள் நம் பக்கத்தில் கொஞ்ச பேர் இல்லை. அவர்களுக்கும் அவர்கள் வீட்டில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

அது என்ன 70.3?

டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளி இல்லாமல் செய்வது. 1978-ல் ஹவாய்த் தீவில் 15 பேர் சேர்ந்து விளையாட்டாக ஆரம்பித்த பந்தயம் இது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். அதற்கு 'அயர்ன்மேன்', அதாவது இரும்பு மனிதன் என்று பெயர். கோவாவில் நடப்பது அதில் பாதி. 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். கூட்டினால் 113 கிலோமீட்டர். மைல் கணக்கில் 70.3. பெயர் வந்த கதை இதுதான். எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

கோவாவில் முதல் பந்தயம் 2019 அக்டோபரில் நடந்தது. கொரோனாவால் இரண்டு வருஷம் நின்று, 2022-லிருந்து 2025 வரை வருஷம் தவறாமல் நடந்திருக்கிறது. பெரும்பாலும் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமையே சைக்கிளை ஒப்படைத்துவிட வேண்டும். ஞாயிறு விடிந்ததும் பணஜியின் மிராமர் கடற்கரையில் இறக்கிவிடுவார்கள். கலந்துகொள்கிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல வேலை, வீடு, பிள்ளைகுட்டி என்று இருப்பவர்கள்தான். வயதுவாரியாகப் பிரிவு உண்டு.

பணத்துக்காக ஓடும் தொழில்முறை வீரர்களுக்கும் ஐப்பசியை ஒட்டிய இந்த நாட்கள்தான் பெரிய நாட்கள். அக்டோபர் மாதத்து இரண்டாம் வார இறுதியைப் பாருங்க. 2025-ல் அக்டோபர் 11, சனிக்கிழமை. அன்று பகலில் இத்தாலியில் லோம்பார்டியா சைக்கிள் பந்தயம். ஸ்லோவேனியாக்காரர் தாடே பொகாச்சர் தொடர்ந்து ஐந்தாவது வருஷமாக ஜெயித்தார். அதே சனிக்கிழமை ஹவாயில் கோனா என்ற ஊரில் பெண்களுக்கான அயர்ன்மேன் உலகப் பந்தயம். 2026-லிருந்து ஆண்களும் பெண்களும் கோனாவில் ஒரே நாளில் ஓடுவதாக அறிவித்து, அதற்கு அக்டோபர் 10 என்று நாளும் குறித்தார்கள். பார்க்கிற ஆசை உள்ளவர்கள் நேர வித்தியாசத்தை நினைவில் வையுங்க. அங்கே காலை என்றால் இங்கே ராத்திரி. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு முழுசும் பார்க்க வேண்டாம். முடிவை மறுநாள் காபியோடு தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் 2025-ல் கோனாவில் நடந்ததை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முன்னணியில் இருந்தவர் இங்கிலாந்தின் லூசி சார்ல்ஸ்-பார்க்லே. 2023-ல் அதே இடத்தில் பட்டம் வென்றவர். ஓட்டத்தின் நடுவழியைத் தாண்டிய பிறகு வெயில் தாங்காமல் பந்தயத்தை விட்டு விலகினார். அடுத்து முன்னணிக்கு வந்தவர் அமெரிக்காவின் டெய்லர் நிப். கோவாவில் நடக்கிறதே, அந்த அரைத் தூரப் பந்தயத்தில் மூன்று முறை உலக சாம்பியன். முடிவுக் கோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் வாக்கில் இருக்கும்போது கால் தள்ளாடி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. பின்னால் வந்த நார்வேக்காரி சோல்வெய்க் லவ்செத் ஜெயித்தார். இரண்டாவதாக வந்த கேட் மேத்யூஸுக்கும் அவருக்கும் அரை நிமிஷம்தான் வித்தியாசம்.

உலகத்திலேயே சிறந்த பயிற்சியாளர்கள், ரத்தப் பரிசோதனை, வியர்வைப் பரிசோதனை எல்லாம் வைத்திருப்பவர்களுக்கே இந்தக் கதி. இதில் நான் கவனித்தது ஒன்று. விலகினவருக்கும் உட்கார்ந்துவிட்டவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒருவர் உடம்பு சொன்னதைக் கேட்டு நின்றார். இன்னொருவரை உடம்பே நிறுத்தியது.

பாலக்காட்டுக் காற்றும் கோவா வெயிலும்

நம்ம ஊர் ஆட்கள் காலை நாலரைக்கே எழுந்து சிறுவாணி ரோடு, ஆனைகட்டி, எல் அண்ட் டி பைபாஸ் என்று மிதிக்கிறார்கள். கோவை மாநகரப் போலீஸ் கமிஷனராக இருந்த சைலேந்திர பாபு போன்றவர்களைப் பார்த்து சைக்கிளைத் தூசி தட்டியவர்கள் எத்தனையோ பேர். சந்தோஷம். ஆனால் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அதுவே கோவாவில் வினையாக முடியும்.

மலைத்தொடரில் பாலக்காட்டுப் பக்கம் கணவாய் இருப்பதால் நமக்கு ஒரு காற்று வருகிறது. வியர்வை வந்ததும் காய்ந்துவிடுகிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிற வியர்வையால் உடம்பு குளிராது. கடற்கரையில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை காயாமல் வழிகிறது. வெப்பமானி 32 என்றுதான் காட்டும், உடம்பு உள்ளே கொதிக்கும். ஐப்பசியில் நம் பக்கம் மழை வேறு. குளிர்ந்த விடியலில் பயிற்சி எடுத்தவர், நேரே போய் பகல் பதினொரு மணிக் கடற்கரை வெயிலில் ஓடினால் என்ன ஆகும்?

எங்கள் சித்த மருத்துவக் கணக்கிலும் இது சரியாகப் பொருந்துகிறது. ஐப்பசி, கார்த்திகை கூதிர் காலம். ஆவணி, புரட்டாசியில் தன் இடத்தில் பெருகின பித்தம், கூதிரில் தன் இடத்தை விட்டு உடம்பெல்லாம் பரவுகிற காலம். அழல் தூக்கலாக இருக்கிற பருவத்தில், அழலைக் கூட்டுகிற பந்தயம்!

உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும் என்று விளையாட்டு மருத்துவம் சொல்கிறது. அதனால் கடைசி இரண்டு வாரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது, மெதுவான ஓட்டத்தைக் காலை ஒன்பது, பத்து மணிக்கு மாற்றிக்கொள்ளுங்க. முதல் நாள் அரை மணி போதும். கூட ஒருவர் இருக்கட்டும். வால்பாறைக்குப் போகிற 40 கொண்டை ஊசி வளைவையும், மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டியின் 36 வளைவையும் மிதித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். காலுக்கு அது நல்ல பயிற்சிதான். வெயிலுக்கு அது பயிற்சி ஆகாது.

அடக்கக் கூடாத பதினான்கு

சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பது பதினான்கு வேகங்கள். தும்மல், கொட்டாவி, சிறுநீர், மலம், பசி, தாகம், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர்… என்று உடம்பு தானாக எழுப்புகிற உந்துதல்கள். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது பாடம். படிக்கிற வயதில் "தும்மலை அடக்கினால் நோயா?" என்று சிரித்திருக்கிறோம். இந்தப் பந்தயக்காரர்களைப் பார்க்க ஆரம்பித்த பிறகு சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இவர்கள் அடக்குவதெல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவைதான். நேரம் போகிறதே என்று சிறுநீரை அடக்குகிறார்கள். களைப்பை அடக்குகிறார்கள். ராத்திரி சைக்கிள்காரர்கள் தூக்கத்தை அடக்குகிறார்கள்.

தாகத்தின் கதையைக் கேளுங்க. 1904-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக். மாரத்தான் அன்று கொளுத்துகிற வெயில், ரோட்டில் புழுதி. தண்ணீர் கொடுக்காமல் ஓடவிட்டால் உடம்பு என்ன ஆகிறது என்று பார்க்கும் எண்ணம் அமைப்பாளர்களுக்கே இருந்ததாம். புறப்பட்டவர்கள் 32 பேர், முடித்தவர்கள் 14 பேர். தாமஸ் ஹிக்ஸ் என்பவர் வழியில் தண்ணீர் கேட்டுக் கெஞ்சினார். கூட வந்தவர்கள் வாயை மட்டும் நனைத்துவிட்டு, தெம்புக்கு என்று முட்டை வெள்ளைக்கருவில் ஸ்ட்ரிக்னின் கலந்து கொடுத்தார்கள். பிறகு பிராந்தியும் கொடுத்தார்கள். அவர்தான் ஜெயித்தார். ஆனால் கடைசியில் கண் சொருகி, மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க, செத்துப் பிழைத்தார்.

ஸ்ட்ரிக்னின் எது தெரியுமா? நம் எட்டிக் கொட்டையில் இருக்கிற நஞ்சு. முறையாகச் சுத்தி செய்து, அளவோடு, தக்க நோய்க்கு நாங்கள் பயன்படுத்துவது. இன்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. "தெம்புக்கு ஏதாச்சும் குடுங்க" என்று கேட்கிறவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். எட்டி சேர்ந்த மருந்து மட்டுமல்ல, பஸ்பம், செந்தூரம், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத 'மூலிகைப் பவுடர்' எதையும் பந்தயத்துக்காக ஆரம்பிக்காதீர்கள். அமுக்கராவும் அப்படித்தான். ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க நாள் வேண்டும். தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. நான் சித்த வைத்தியன்தான், என் கடையில் சரக்கு விற்றால் எனக்குத்தான் லாபம். இருந்தாலும் சொல்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் இப்போது தலைகீழான தப்பும் நடக்கிறது. "நிறையக் குடி, நிறையக் குடி" என்று கேட்டுக் கேட்டு, தாகமே இல்லாமல் ஒவ்வொரு மேஜையிலும் இரண்டு டம்ளர் வெறும் தண்ணீர் குடிக்கிறார்கள். வியர்வையில் உப்பு போகிறது, உள்ளே வெறும் தண்ணீர் சேருகிறது. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கும். உயிருக்கே ஆபத்து. மெதுவாக, நாலைந்து மணி நேரத்துக்கு மேல் போகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. 2015-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வெளியிட்ட அறிக்கையில் சொன்ன முக்கியமான யோசனை என்ன தெரியுமா? தாகத்துக்குக் குடியுங்கள் என்பதுதான்! எங்கள் பதினான்கு வேகப் பாடம் வேறு பாஷையில் திரும்பி வந்திருக்கிறது என்று எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்க. அரைக் கிலோ குறைந்தால் ஏறக்குறைய அரை லிட்டர் போயிருக்கிறது என்று கணக்கு. எடை கூடியிருந்தால் நீங்கள் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். உப்புப் போட்ட மோரும், பாக்கெட்டில் வருகிற உப்பு-சர்க்கரைக் கரைசலும் பயிற்சி நாட்களில் பழகிப் பாருங்க. அந்தப் பாக்கெட்டை முழு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொட்டிக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்!

தூக்கம் பற்றி ஒரு வார்த்தை. இது சைக்கிள்காரர்களுக்கு மட்டும். மலைப்பாதைக்கு என்றே 2008-லிருந்து நடக்கிற நீலகிரி சைக்கிள் சுற்றுப் பயணம் பகலில் மட்டும்தான், ராத்திரி ஓய்வு உண்டு. ஆனால் 'பிரெவே' என்று நெடுந்தூரச் சவாரி ஒன்று இருக்கிறதே, அதில் 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி கெடு. 400-க்கு மேல் போனால் ராத்திரியும் மிதிக்க வேண்டும். சேலம் பைபாஸில் அதிகாலை மூன்று மணிக்குக் கண் சொருகினால் பின்னால் வருவது லாரி. பெட்ரோல் பங்க் ஓரமாக இருபது நிமிஷம் படுத்து எழுந்தால் கெடு ஒன்றும் கெட்டுவிடாது.

கடைசி வாரம்

இனி சமையல்கட்டுக்கு வருவோம். பந்தய வாரத்தில் புதுசாக எதையும் செய்யாதீர்கள், சாப்பிடாதீர்கள். வெளிநாட்டுக்காரர் பந்தயத்துக்கு முந்தின நாள் மாவுப் பண்டமாகத் தின்று தசையில் சர்க்கரையைச் சேர்த்து வைக்கிறார். நமக்கு அதற்கு என்ன குறை? அரிசிம்பருப்பு சாதம் இருக்கிறது, சந்தகை இருக்கிறது, இட்லி இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானமே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி ஏழு மணிக்குள் அளவாக முடித்துக்கொள்ளுங்க. கொள்ளு உடம்புக்கு நல்லதுதான், ஆனால் உஷ்ணம், வாயுவும் கூட. அந்த மூன்று நாள் வேண்டாம். கீரை, சுண்டல் வகைகளையும் குறைத்துக்கொண்டால் ஓட்டத்தில் வயிறு கலக்காது. கோவா போனோமே என்று சனிக்கிழமை ராத்திரி மீன், இறால் என்று இறங்கி, ஞாயிறு ஓடுவதற்குப் பதில் கழிப்பறைக்கு ஓடினவர் கதையும் எனக்குத் தெரியும்.

சைக்கிள் மிதிக்கும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். பேரீச்சை, கருப்பட்டித் துண்டு எதுவானாலும் பயிற்சியில் தின்று பார்த்து, வயிறு ஒத்துக்கொண்டால் மட்டும் பையில் வையுங்க.

எண்ணெய்க் குளியல்? கட்டாயம். ஆனால் ஆண்பிள்ளைகள் வழக்கமாகக் குளிக்கிற சனிக்கிழமையில் வேண்டாம்! எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெயிலில் அலையாமல், கடுமையாக உழைக்காமல் ஓய்வாக இருக்க வேண்டும் என்பது விதி. சனிக்கிழமை சைக்கிளை ஒப்படைக்க வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். புதன்கிழமையோடு நிறுத்திக்கொள்ளுங்க. தொக்கணமும் அந்த வாரம் இதமாகத்தான் இருக்க வேண்டும். சுளுக்கு எடுக்கிறேன், வர்மம் தட்டுகிறேன் என்று யாரிடமும் காலைக் கொடுக்காதீர்கள்.

பேதிக்கு எடுப்பதைப் பற்றி என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். சைக்கிள் பந்தயக்காரன். "உடம்பைச் சுத்தம் பண்ணிட்டுப் போனா வேகம் வருமுங்க, ஃப்ரெண்டு சொன்னான்" என்று அடம் பிடித்தான். ஐந்து நாள் இருக்கிறதே என்று நானும் பேதி மருந்து கொடுத்தேன். நன்றாகவே போயிற்று. போதாததற்கு அவனாகவே இரண்டு நாள் கஞ்சியோடு இருந்துவிட்டான். பந்தயத்தில் நாற்பதாவது கிலோமீட்டரில் இரண்டு காலும் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்து அழுதானாம். அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் அம்மாதான் வந்து, "நீங்க பெரியவங்க, வேண்டாம்னு சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். சொல்லியிருக்க வேண்டும். சுத்தி செய்வதற்குக் காலம் உண்டு. பந்தயத்துக்கு ஆறு வாரத்துக்குள் என்னிடம் இப்போது யாருக்கும் பேதி மருந்து கிடையாது.

வலி மாத்திரை விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைகளை ஓடுவதற்கு முன்னால் 'எதற்கும் இருக்கட்டும்' என்று போட்டுக்கொள்கிற பழக்கம் பரவியிருக்கிறது. வெயிலில் உடம்பு நீர் வற்றி, தசை நைந்து, சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும்போது இது கூடுதல் அடி.

முதல் 1.9 கிலோமீட்டர்

நம் கொங்கு நாட்டில் கடல் கிடையாது, கிணறு உண்டு. சுரைபுருடையை இடுப்பில் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் கற்றுக்கொடுத்த தலைமுறை எங்களுடையது. இன்றைய ஆட்கள் நீச்சல் குளத்தில் கற்கிறார்கள். இரண்டுமே நிற்கிற தண்ணீர். கை நீட்டினால் சுவர். கடலில் அலை தூக்கும், உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறும், பக்கத்தில் நீந்துகிறவர் கால் முகத்தில் படும். நெஞ்சு படபடக்கும்.

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் பந்தயங்களில் இறந்தவர்கள், இதயம் நின்றவர்கள் கணக்கை எடுத்து 2017-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 135 பேர். அதில் 90 பேருக்கு நீச்சலின்போதுதான் நேர்ந்தது. நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். சராசரி வயது 46-ஐத் தாண்டி 47-ஐ நெருங்குகிறது. பயப்படாதீர்கள், கலந்துகொண்ட ஒரு லட்சம் பேருக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஆனால் பிரேதப் பரிசோதனை செய்தவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்திருக்கிறது. தெரியாமலே தண்ணீரில் இறங்கியிருக்கிறார்கள்.

அதனால் நாற்பதைத் தொட்டவர்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், வீட்டில் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதில் மாரடைப்பு வந்தவர்கள், பயிற்சியை ஆரம்பிக்கும்போதே இதய மருத்துவரைப் பாருங்க. நாடியில் எனக்கு எவ்வளவோ தெரியும். அடைப்பு எத்தனை சதவீதம் என்று தெரியாது.

ரோட்டோரம் நிற்கிறவர்களுக்கு

குடும்பத்தோடு போகிறவர்கள் கை தட்டினால் மட்டும் போதாது. ஆள் பக்கத்தில் வரும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்க. "சின்னவன் எந்த ஸ்கூல்ல படிக்கறான்?" என்று கேட்டால் போதும். சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, எரிந்து விழுந்தாலோ, குடித்தவர் மாதிரி தள்ளாடினாலோ, ஓட்டம் அங்கேயே முடிந்தது. உடனே அங்கிருக்கும் மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்க. "வியர்க்கிறதே, அப்புறம் என்ன?" என்று ஏமாறக் கூடாது. ஓடுகிறவர்களுக்கு வருகிற வெப்பத் தாக்கில் உடம்பு நனைந்தே இருக்கும். உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். முதலில் குளிர வைக்க வேண்டும், பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டும். ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் கழுத்து வரை இறக்குவார்கள். இல்லையென்றால் நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்க. முதல் அரை மணிக்குள் சூட்டை இறக்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள்.

தலைவலி, வாந்தி, விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, கூடவே குழப்பம் என்றால் அது சோடியம் குறைந்ததாக இருக்கலாம். அவர் வாயில் தண்ணீர் பாட்டிலைத் திணிக்காதீர்கள். டாக்டர் பார்க்கட்டும். முடித்துவிட்டு வந்தவருக்கு மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனாலும் காத்திருக்கக் கூடாது.

மற்றபடி ஞாயிறு சாயங்காலம் உப்புப் போட்ட கஞ்சியும் பருப்புமே போதும். எண்ணெய் தேய்ப்பு, தொக்கணம் எல்லாம் ஊர் திரும்பி, வலி அடங்கி, இரண்டு மூன்று நாள் கழித்து வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பட்டறைக்காரர் கதைக்கு வருகிறேன். லேகியம் கொடுக்கவில்லை. ஒரு சீட்டு எழுதி இதய மருத்துவரிடம் அனுப்பினேன். "பன்னெண்டு நாளுக்கு முன்னால போய் இப்படிப் பண்றீங்களே" என்று முகம் சுளித்துக்கொண்டுதான் போனார். டிரெட்மில் பரிசோதனையை ஐந்தாவது நிமிஷத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆஞ்சியோ பார்த்ததில் ஒரு ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த வருஷம் கோவா இல்லை. மூன்று வாரம் மனைவியோடு பேசவே இல்லையாம், "நீ வாயைத் திறந்ததாலதான்" என்று.

இப்போது இதய மருத்துவர் அனுமதித்த அளவோடு, காலையில் பேரூர் வரை மெதுவாக மிதித்துவிட்டு வருகிறார். இந்தத் தடவை அவருடைய மச்சான் கோவாவுக்குப் பேர் கொடுத்திருக்கிறார். இவர் கூடப் போவது பை தூக்க, ரோட்டோரம் நிற்க. போன வாரம் மூன்று பேருமாக வந்தார்கள். "மச்சானுக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாச்சுங்க டாக்டர், ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. தெம்புக்கு மட்டும் ஏதாச்சும் ஒரு லே…" என்று ஆரம்பித்தார். அந்த அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் மீதி எழுத்தை விழுங்கிவிட்டார்.